குளிர் பிளாஸ்மாவை முதலில் எங்கள் வேர்க்கடலையில் சோதித்துக் காட்டுங்கள்

வேலூர் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அவர்களுக்கும், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தின் விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம்.

நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அணைக்கட்டு வட்டாரத்தில் மானாவாரியாக வேர்க்கடலையும், கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் கத்தரியும் போடுகிறேன். விதைக்குக் குளிர் பிளாஸ்மா கொடுத்தால் முளைப்பு கூடும், நோய் குறையும், மருந்துச் செலவு மிச்சம் என்ற பேச்சு இப்போது வேளாண் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வழியாகவும் கைப்பேசிக் காணொளிகள் வழியாகவும் எங்கள் ஊர்களுக்கு வந்துவிட்டது. கேட்பவர்களுக்கு ஆசை வருகிறது. எனக்கும் வருகிறது. குறைதீர்வு நாள் கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் மடலாக எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். இந்தக் கருவியை யாராவது எங்களிடம் விற்க வருவதற்கு முன்னால், நீங்கள் எங்கள் மாவட்டத்து விதையில், எங்கள் மண்ணில், நாங்கள் பார்க்கச் சோதிக்க வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் அதை அப்படியே வெளியிட வேண்டும்.

பிளாஸ்மா என்றதும் பலர் ரத்தத்தை நினைக்கிறார்கள். இது வேறு. ஒரு வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து அலையும் நிலையைத்தான் இயற்பியலில் பிளாஸ்மா என்கிறோம். 1928இல் இர்விங் லாங்மியூர் வைத்த பெயர் அது. மின்னல் ஒரு பிளாஸ்மா. அதன் பாதையில் காற்றே பல்லாயிரம் டிகிரிக்குச் சூடாகிறது. வீட்டில் எரிகிற டியூப் லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான், ஆனால் குழாயைக் கையால் தொடலாம். உள்ளே எலக்ட்ரான்கள் மட்டும் பத்தாயிரம் டிகிரிக்கு நிகரான வேகத்தில் ஓடுகின்றன. எடை கூடிய வாயு அணுக்களோ கிட்டத்தட்ட அறை வெப்பத்திலேயே இருந்துவிடுகின்றன. அதனால்தான் 'குளிர்' என்ற அடைமொழி. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடியோ பீங்கானோ வைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்து, இடைவெளியில் உள்ள காற்றை இப்படி ஊதா நிறத்தில் ஒளிர வைக்கும் முறையை 1857லேயே வெர்னர் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்கப் பயன்படுத்தினார். ஆக, அடிப்படைக் கருவி பழையது. அதை விதைக்குக் கொண்டு வந்ததுதான் புதிது.

அந்த இடைவெளியில் விதையைச் சில நொடிகளோ சில நிமிடங்களோ வைத்து எடுத்தால் என்ன நடக்கிறது? காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஈரமும் உடைந்து ஓசோன், நைட்ரஜன் ஆக்சைடுகள், ஹைட்ராக்சில், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை உருவாகின்றன. கொஞ்சம் புற ஊதாக் கதிரும் வருகிறது. இவை விதையின் மேல்தோலில் உள்ள மெழுகுப் படலத்தை அரித்து, தண்ணீர் ஒட்டும்படி செய்கின்றன. 2012இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் மைசூர்ப் பருப்பு, பீன்ஸ், கோதுமை விதைகளில் இதைக் காட்டினார்கள். பிளாஸ்மாவுக்கு முன் விதைமேல் முத்தாக நின்ற நீர்த்துளி அதற்குப் பின் பரவிப் படிந்தது, முளைக்கும் வேகமும் மாறியது. இரண்டாவது வேலை, மேல்தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளையும் பாக்டீரியாவையும் கொல்வது. மூன்றாவது நுட்பமானது. இந்த ஆக்சிஜன், நைட்ரஜன் கூட்டுப்பொருள்களைச் செடி தன் உடலுக்குள்ளேயே செய்தி சொல்லப் பயன்படுத்துகிறது. அளவாகப் பட்டால் விதையின் உறக்கத்தைக் காக்கும் அப்சிசிக் அமிலம் குறைந்து, முளைக்கத் தூண்டும் ஜிப்பெரெலின் மேலோங்குகிறது என்று பல பயிர்களில் கண்டிருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் அதே பொருள்கள் முளைக்கருவைக் கெடுத்துவிடும். முளைப்பு கூடுவதற்குப் பதில் விழும். எத்தனை நொடி, எவ்வளவு மின்னழுத்தம், காற்றில் எவ்வளவு ஈரம் என்பதெல்லாம் பயிருக்குப் பயிர் வேறு. ஒரே பயிரில் ரகத்துக்கு ரகமும் வேறுபடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே வெளியூர் முடிவை எடுத்து இங்கே ஒட்ட முடியாது என்கிறேன்.

சரி, வேர்க்கடலைக்கு வருகிறேன். ஏக்கருக்கு ஐம்பது கிலோ பருப்பு விதையாக வேண்டும். நெல்லைப் போல மலிவான விதை இல்லை இது. மானாவாரி விவசாயிக்கு முதல் பெரிய செலவே விதைதான். விதைத்து பத்துப் பன்னிரண்டு நாளில் சாலில் நடந்து பார்த்தால் அங்கங்கே பொக்கை. தோண்டினால் பருப்பு கறுத்து அழுகியிருக்கும், அல்லது முளைத்த செடியின் கழுத்தில் கறுப்புப் பூஞ்சை படிந்து சாய்ந்திருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் செய்கிற கழுத்தழுகல் அது. அதன் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்தான் அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கொண்டுவருகிறது. கிலோவுக்கு நான்கு கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதையுங்கள் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அதைச் செய்பவர்களும் உண்டு. திரம், கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லித் தூளை வெறுங்கையால் பிசைந்து, அதே கையால் வெற்றிலை போடுபவர்களும் உண்டு. கடலை உடைப்பதும், பொறுக்குவதும், மருந்து கலப்பதும், சாலில் போடுவதும் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கையிலிருந்து அந்தத் தூளை எடுத்துவிட முடியும் என்றால், அந்த ஒரு நன்மைக்காகவே இந்தத் தொழில்நுட்பத்தை நான் வரவேற்பேன்.

ஆனால் எது முடியும், எது முடியாது என்பதை முதலிலேயே விவசாயிகளிடம் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்மா மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது. பருப்புக்குள் புகுந்துவிட்ட பூஞ்சையை அது தொடாது. மண்ணில் காத்திருக்கும் தண்டழுகல், வேரழுகல் பூஞ்சைகளுக்கு எதிராகவும் அதற்குப் பெரிய பலம் கிடையாது, ஏனென்றால் விதையில் மருந்து போல எதுவும் தங்குவதில்லை. தங்காமல் இருப்பதுதான் அதன் பெருமை, அதுவேதான் அதன் குறையும். கத்தரியில் எங்களை அழ வைக்கும் தண்டு, காய்த்துளைப்பானுக்கும் விதைப் பிளாஸ்மாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 'பூச்சி மருந்தே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் அதை அங்கேயே மறுக்க வேண்டியது உங்கள் கடமை.

வேர்க்கடலைக்கே உரிய இரண்டு சந்தேகங்களையும் கேட்டு வைக்கிறேன். தோல் மெல்லியது, லேசாக உரசினாலே உரியும். கருவிக்குள் குலுக்கும்போது எத்தனை பருப்பு தோல் இழக்கிறது என்று எண்ண வேண்டும். அப்புறம் இது எண்ணெய் வித்து. ஆக்சிஜன் கூட்டுப்பொருள்கள் பட்ட எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குமா, அப்படியானால் பிளாஸ்மா கொடுத்த விதையை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? காலையில் கொடுத்து மாலையில் விதைத்தால் பிரச்சினை இருக்காது. மழை தள்ளிப்போய் மூட்டை இரண்டு வாரம் திண்ணையில் கிடந்தால்? மானாவாரியில் இது வழக்கமாக நடப்பதுதான்.

சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. பிளாஸ்மா கொடுத்த விதையை எதுவும் செய்யாத விதையோடு மட்டும் ஒப்பிட்டு, 'பாருங்கள், கூடுதலாக முளைத்தது' என்று முடித்துவிடக் கூடாது. பிளாஸ்மாவின் பலனில் ஒரு பெரிய பங்கு விதை சீக்கிரம் தண்ணீர் குடிப்பதால் வருகிறது. தண்ணீரில் ஊற வைத்து நிழலில் உலர்த்தி விதைக்கிற பழைய முறையும் அதைத்தானே செய்கிறது? அதற்குச் செலவு ஒரு அண்டா தண்ணீர். ஆகவே ஒரே குவியல் விதையை ஐந்தாகப் பிரியுங்கள். ஒன்று எதுவும் செய்யாதது, ஒன்று ஊற வைத்து உலர்த்தியது, ஒன்று ட்ரைக்கோடெர்மா கலந்தது, ஒன்று பிளாஸ்மா மட்டும், ஒன்று பிளாஸ்மா கொடுத்த பின் ட்ரைக்கோடெர்மாவும், வேரில் நைட்ரஜன் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவும் கலந்தது. பிளாஸ்மா கெட்டது நல்லது பார்க்காமல் எல்லா நுண்ணுயிரையும் கொல்லும் என்பதால் உயிர் உரம் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும், அந்த வரிசை மாறக் கூடாது. வெற்றிடம் உண்டாக்கி இயங்கும் கருவி என்றால், மின்சாரம் கொடுக்காமல் வெறும் வெற்றிடத்தில் வைத்து எடுத்த விதை ஒரு பங்கும் வேண்டும். வெற்றிடமே விதையை மாற்றக்கூடியது.

நல்ல விதையோடு நிறுத்தாமல் பழைய விதையையும் சோதியுங்கள். வேர்க்கடலைக்குச் சான்று விதையின் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம். தொண்ணூறு முளைக்கிற விதையில் கூட்டிக் காட்ட என்ன இருக்கிறது? கோடை முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே இருந்து எழுபதுக்கு அருகே இறங்கிய விதையில்தான் பலன் இருந்தால் தெரியும். எங்களில் பலர் விதைப்பது அந்த விதையைத்தான். முளைப்போடும் நிறுத்திவிடாதீர்கள். தட்டில் வேகமாக முளைத்தது வயலில் காயாக மாறாமல் போகலாம். பிளாஸ்மா பற்றிய ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டிலும் தொட்டியிலும் செய்தவை. அறுவடை வரை வயலில் நின்று எடை போட்டவை குறைவு. எங்களுக்கு வேண்டியது மூட்டைக் கணக்கு.

அடுத்து, பிளாஸ்மா தண்ணீர். இதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலான கவலை. தண்ணீரின் மேல் பிளாஸ்மாவைச் செலுத்தினால் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து தண்ணீர் புளிக்கிறது, கார அமில அளவு (pH) மூன்று வரைகூட இறங்கும். கிருமி கொல்லும் குணம் அதற்கு வருகிறது. இடி மின்னலோடு பெய்த மழைக்கு அடுத்த நாள் பயிர் கருகருவென்று நிற்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். மின்னல் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் இறக்குகிறது என்பது உண்மைதான். அதைக் காட்டியே 'இனி யூரியா வேண்டாம், காற்றிலிருந்தே உரம்' என்று சொல்பவர்கள் வருவார்கள்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மின்பொறியால் காற்றிலிருந்து உரம் தயாரித்த தொழிற்சாலை ஏற்கெனவே இருந்தது. நார்வேயில் பிர்க்கலாண்டும் ஐடேயும் உருவாக்கிய முறை 1905இல் நோட்டோடன் நகரில் உற்பத்திக்கு வந்தது. அருவி மின்சாரம் மலிவாகக் கிடைத்த நாடு என்பதால் அது நடந்தது. ஆனாலும் மின்சாரத்தை விழுங்கியது. இன்றைய உர ஆலைகள் அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் போஷ் முறை வந்து வளர்ந்ததும் கைவிடப்பட்டது. இன்று வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் நல்ல பிளாஸ்மா கருவிகளே ஒரு மோல், அதாவது 14 கிராம் நைட்ரஜனைப் பிடிக்கச் சுமார் 2 மெகாஜூல் ஆற்றல் கேட்கின்றன. ஹேபர் போஷுக்கு அரை மெகாஜூல் போதும். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதைப் பிளாஸ்மாவில் எடுக்கச் சுமார் 800 யூனிட் மின்சாரம் வேண்டும். மானிய விலையில் அந்த மூட்டை 266 ரூபாய்தான். எங்கள் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த 800 யூனிட் விவசாயியின் கண்ணுக்குத் தெரியாது. மின்வாரியத்தின் கணக்கில் ஏறும், அனல் மின் நிலையத்தில் நிலக்கரியாக எரியும். இதைப் பசுமை என்று சொல்லி விற்க விடாதீர்கள். கிராமத்துக்குக் கிராமம் சூரிய மின்சாரத்தில் சின்னச் சின்னதாக உரம் தயாரிக்கும் காலம் வரலாம், ஆராய்ச்சி நடக்கட்டும். இன்று அது எங்களுக்கான சரக்கு இல்லை.

கிருமி நீக்கத்துக்கு என்றால் பிளாஸ்மா தண்ணீர் வேறு கதை. அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி என்றாலே முள்ளு கத்தரிக்காய். வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கத்தரி நாற்றங்காலில் நாற்றழுகல் வந்தால் இரண்டு நாளில் பாத்தியே படுத்துவிடும். குழித்தட்டைக் கழுவவும், விதையை நனைக்கவும் இந்தத் தண்ணீர் உதவுமா என்று பார்க்கலாம். மண்ணில் ஊற்றினால் மட்கிலேயே அதன் வேகம் செலவாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன். செய்து வைத்த தண்ணீர் நாளாக ஆக வீரியம் இழக்கும், வேலூர் வெயிலில் இன்னும் சீக்கிரம் இழக்கும். கேனில் அடைத்துக் கடையில் விற்கும் பொருளாக அது வந்தால் நீங்கள் தடுக்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுவதற்குக் காரணம் பாலாறு. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. அதன் கழிவு என்ன செய்யும் என்று ஆரம்பத்திலேயே யாரும் அளக்கவில்லை. அளந்தபோது தாமதமாகிவிட்டது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைக் கண்டறிந்தது வேலூரில் இருந்த உங்கள் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம்தான். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் அந்த எண் இடம்பெற்றிருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்தத் தொழிலைச் செய்பவருடையது என்றும் சொன்னது. எங்கள் மாவட்டத்தின் பெயரால் நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்தத் தீர்ப்பை, எங்கள் மாவட்டத்தில் இறங்கும் புதிய கருவிக்கே பொருத்திப் பார்க்காவிட்டால் எப்படி? குளிர் பிளாஸ்மாவைத் தோல் கழிவோடு சமமாக வைக்கவில்லை. அதில் குரோமியமும் இல்லை, கழிவுக் குட்டையும் இல்லை. ஆனால் கருவி ஓடும் அறையில் ஓசோன் சேரும். வேலையிடக் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு என்பதுதான் பொதுவாக வைக்கப்படும் வரம்பு. அதற்கு மேல் போனால் நெஞ்சு எரியும், இருமல் வரும். விதை கொட்டி அள்ளப் போவதும் அதே பெண்கள்தான். புகைப்போக்கியும் ஓசோன் அளவியும் இல்லாத அறையில் இதை ஓட்ட அனுமதிக்காதீர்கள்.

பாலாற்றங்கரையை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். உப்பு ஏறிய தண்ணீரிலும் வறட்சியிலும் பிளாஸ்மா கொடுத்த விதையின் நாற்று சற்றுத் தாக்குப்பிடிக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் சில சொல்கின்றன. உண்மையா என்று பார்க்க எங்களைவிடப் பொருத்தமான இடம் எது? ஒரு திடல் அணைக்கட்டுச் செம்மண்ணில் இருக்கட்டும், ஒன்று குடியாத்தம் பக்கம், ஒன்று ஆற்றங்கரையில் உப்புக் கிணறு உள்ள நிலத்தில். கடைசியாகச் சொன்னதில் பலன் தெரிந்தால் அதுவே பெரிய செய்தி. அங்குள்ளவர்கள் நிலத்தை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போகாமல் இருக்க ஏதாவது ஒரு பிடி தேடுகிறார்கள்.

இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுப் பொருளுக்குக் குளிர் பிளாஸ்மா கொடுப்பதைப் பற்றி ஆராய்கிறார்கள். காந்திநகரில் பிளாஸ்மாவுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகத்தில் வேளாண் பள்ளியும் உண்டு, மின் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. கருவியைக் கடனாக வாங்குங்கள், அல்லது அங்கேயே கட்டச் சொல்லுங்கள். வயல், விதை, எடை, நோய்க் கணக்கு உங்களுடையது. விதைச்சான்றுத் துறையும் கூட இருக்க வேண்டும். முளைப்புப் பரிசோதனை அவர்கள் முறைப்படி நடந்தால்தான் எங்கள் ஆட்கள் நம்புவார்கள்.

பலன் உண்டு என்று தெரிந்தால் அப்போதும் தனித்தனி விவசாயி தலையில் கருவியைக் கட்டாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு பட்டத்தில் சில நாள் மட்டும் ஓடும் இயந்திரத்தை மானியத்தில் வாங்கி, பழுது பார்க்க ஆள் இல்லாமல் மாட்டுக் கொட்டகையில் துருப்பிடிக்க விட்ட கதை எங்கள் பக்கம் வேண்டிய மட்டும் இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ விதைச் சுத்திகரிப்பு நிலையத்திலோ ஒன்று இருக்கட்டும். கடலையைக் கொண்டு வந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, அன்றைக்கே எடுத்துப் போகிறோம். ஓட்டுபவருக்குப் பயிற்சி இருக்கும், ரகத்துக்கு எத்தனை நொடி என்ற அட்டவணை சுவரில் தமிழில் இருக்கும்.

பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் அதே அக்கறையோடு எழுதி வையுங்கள். ஊற வைத்த விதையே போதும், ட்ரைக்கோடெர்மாவே போதும் என்று உங்கள் வயல் காட்டினால், எங்கள் பணம் மிச்சம்.

ஆடிப்பட்டத்துக்கான விதை இப்போது எங்கள் வீடுகளில் மூட்டையில் இருக்கிறது. சோதனைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்றால் என் விதையிலிருந்தே ஒரு மூட்டை தருகிறேன், அரை ஏக்கர் நிலமும் தருகிறேன். என்றைக்கு அறுத்தது, எங்கே வைத்திருந்தது என்ற குறிப்பு என்னிடம் இருக்கிறது. விதைக்கிற நாளையும் அறுக்கிற நாளையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுற்று வட்டார விவசாயிகளை வயலுக்கு வரச் சொல்வது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், வேர்க்கடலை விவசாயி,
அணைக்கட்டு வட்டாரம், வேலூர் மாவட்டம்